மரம் வளரக்கூடாது

அன்புள்ள ஐயா,
காட்பாடியில் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். இரவில் ஆர்பிஜி ஆடுவேன், ஒரு வீரனாக மாறிச் சாகசம் செய்யும் வீடியோ ஆட்டம். அந்த வீரனின் பலத்தைக் காட்டும் எண்ணான லெவலை ஏற்றுவதற்காக ஒரே காட்டில் அதே மிருகங்களை மணிக்கணக்கில் அடிக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று தோன்றுகிறது. என் திறமை வளரவில்லை, எண் மட்டும் வளர்கிறது. லெவல் என்பது ஆடுபவனைக் கட்டிப்போடும் தந்திரம்தானா? அப்பாவும் திட்டுகிறார்.
— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

அப்பா விஷயத்தை அப்பாவிடமே பேசிக்கொள். விடிய விடிய விழித்திருக்கும் பிள்ளையை எந்த அப்பாவும் திட்டத்தான் செய்வார். கைத்திறமைதான் முக்கியம் என்றால் அதற்கென்றே சண்டை ஆட்டங்கள் இருக்கின்றன.

ஆனால் 'எண் மட்டும் வளர்கிறது' என்றாயே, அதைத் தாண்டிப்போக முடியவில்லை. கொஞ்ச நாளாக எனக்குள் ஓடிக்கொண்டிருப்பதும் அதுதான். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டுவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேஜை ஆட்டத்தில் ஆளுக்கு மட்டுமல்ல, நிலவறைக்கும் லெவல் உண்டு. கீழே இறங்க இறங்க ஆபத்து கூடும், புதையலும் கூடும். அந்தத் தங்கத்தோடு உயிர் பிழைத்து வந்தால் தங்கமே லெவலை ஏற்றும் அனுபவப் புள்ளி. 1986இல் வந்த டிராகன் குவெஸ்ட் என்ற வீடியோ ஆட்டத்தில், கிளம்புகிற கோட்டையிலிருந்தே தண்ணீருக்கு அக்கரையில் எதிரியின் கோட்டை தெரியும். பாலம் தாண்டினால் மான்ஸ்டர்களின் பலம் கூடிவிடும். பலம் சேர்த்துக்கொண்டு பழைய புல்வெளிக்கு வந்து பார், ஆரம்பத்தில் உன்னைப் படுத்திய ஸ்லைம் என்ற குட்டி மான்ஸ்டர் சில சமயம் உன்னைக் கண்டதும் ஓடும். இடம் அதேதான், நீதான் வேறு ஆள். லெவல் வைத்ததே இதை உனக்குக் காட்டத்தான்.

நம் வட ஆற்காட்டில் திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தில் அர்ச்சுனன் தபசு பார்த்திருப்பாய். சின்ன வயதில் நான் அந்த மரத்தடியை விட்டு நகர மாட்டேன். உயரமான பனைமரத்தை நட்டு, படி அடித்திருப்பார்கள். வேஷம் கட்டியவர் படிக்கு ஒரு பாட்டாகப் பாடி ஏறுவார். கீழே பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் முந்தானை ஏந்தி நிற்பார்கள். உச்சிக்குப் போனவர் எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசுவார். ஒவ்வொரு படியிலும் ஊர் கொஞ்சம் சின்னதாவது அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் ஏற ஏற மரமும் வளர்ந்துகொண்டே போனால் பாசுபதம் ஏது?

2006இல் வந்த ஆப்லிவியன் என்ற ஆர்பிஜி அதைத்தான் செய்தது. நீ வளர்ந்தால் எதிரியும் வளர்வான். கடைசியில் வழிப்பறித் திருடன்கூட விலையுயர்ந்த கண்ணாடிக் கவசத்தோடு வந்து நின்றான். லெவல் ஏற்றாமலிருந்தால் கதையை எளிதாக முடிக்கலாம் என்று ஆடியவர்கள் கண்டுகொண்டார்கள். அழகான உலகம் அது, பட்ட பாட்டுக்கு மட்டும் மதிப்பில்லாமல் போயிற்று. எனக்கு இன்னும் ஆறவில்லை. ரசிகர்களே மோட் என்கிற மாற்று நிரல் எழுதி அதை மாற்ற வேண்டியிருந்தது.

உன்னைக் காட்டில் யார் கட்டிப்போட்டது? அடித்தது போதும் என்று தெரிந்த பிறகும் அங்கேயே சுற்றுகிறாய் என்றால், பாலத்துக்கு அந்தப் பக்கம் போகப் பயப்படுகிறாய். தோற்றால்தான் என்ன தம்பி? போய் அடி வாங்கு. எது குறைகிறது என்று அங்கேதான் தெரியும்.

இவ்வளவு எழுதினாய், எந்த ஆட்டம் என்று எழுதவில்லையே! இன்று இரவு முதல் ஊருக்குத் திரும்பிப் போய்ப் பார். அங்கிருக்கும் ஓநாயும் உன்னோடு சேர்ந்து வளர்ந்திருந்தால் அந்த ஆட்டத்தை அழித்துவிட்டு வேறொன்றை எடு. இல்லையென்றால் ஆட்டத்தின் பெயரோடு எனக்கு மறுபடி எழுது.

அன்புடன்.