மோட்டுவளையும் முதுகெலும்பும்

அன்புள்ள ஐயா,

நான் கட்டடக்கலை மாணவி. பசிபிக் தீவுப் பகுதியான நியூ கலிடோனியாவின் ஜிபாவு பண்பாட்டு மையத்தைப் பூர்வகுடிக் கட்டடக்கலைக்கு நவீன எடுத்துக்காட்டாக வகுப்பில் காட்டினார்கள். ஆனால் அதை வடிவமைத்தவர் இத்தாலியரான ரென்சோ பியானோ. கூரை வடிவமும் செதுக்குவேலையும் இருந்தால் ஒரு கட்டடம் பூர்வகுடிகளுடையது ஆகிவிடுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஆகாது. ஆனாலும் அந்த மையத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. 1998இல் திறக்கப்பட்ட அதன் பத்து மரக்கூடுகள், அவற்றில் மிக உயரமானது 28 மீட்டர், அத்தீவின் பூர்வகுடிகளான கனாக் மக்களின் குடில்களைப் பார்த்து எழுந்தவை; கனாக் மக்களைக் கலந்துகொண்டே வரையப்பட்டவை. மரம் மட்டும் ஆப்பிரிக்காவில் வளரும் இரோகோ என்ற வகை. இருப்பினும் புகைப்படத்தில் நாம் காண்பது வடிவத்தைத்தான். உங்கள் கேள்விக்கான விடை அதிகமும் புகைப்படத்தில் விழாத இடங்களில் இருக்கிறது.

நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் கூட்ட மண்டபத்தைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு மூதாதையின் பெயரைத் தாங்கி நிற்கும் அம்மண்டபத்தில் கூரையின் உச்சி மரமான மோட்டுவளை அவருடைய முதுகெலும்பு, கைமரங்கள் விலா எலும்புகள், முகப்பின் சரிவுப் பலகைகள் வருவோரை நோக்கி நீட்டிய கைகள். வாசலைத் தாண்டுகிறவர் அவருடைய மார்புக்குள் போகிறார். ஆகவே அங்கே உணவு கூடாது. சமையலுக்கும் சாப்பாட்டுக்கும் தனிக் கட்டடம் உண்டு. இதை அறியாத வடிவமைப்பாளர், குழாய்ச் செலவு குறையுமென்று அடுக்களையை மண்டபச் சுவரோடு ஒட்டி வரைந்துவிட்டால், முகப்பில் எத்தனை அழகாகச் செதுக்கினாலும் அந்தப் பிழையை ஈடுகட்ட முடியாது. (இத்தகைய முகப்புகளுக்கு விருதுகள் எளிதில் கிடைக்கின்றன என்பது வேறு கதை.)

அடுத்தது, முடிவெடுப்பவர் யார் என்பது. நியூசிலாந்தின் தானேயாதுவாவில் 2014இல் திறக்கப்பட்ட தே குரா ஃபாரே, மாவோரிகளில் ஒரு பிரிவினரான தூஹோய் இனத்தவர் தங்களுக்காகத் தாங்களே கட்டுவித்த தலைமையகம். வரைந்து கொடுத்தது வெளி நிறுவனம்தான். ஆனால் மண்கற்களை அறுத்தவர்கள் தூஹோய் மக்கள்; மின்சாரத்தைச் சூரியத் தகடுகளிலிருந்து பெறுவதும், கழிவுநீரை அங்கேயே சுத்திகரித்து மண்ணுக்குத் திருப்புவதும் நிலத்தோடு அவர்களுக்குள்ள உறவிலிருந்து பிறந்த நிபந்தனைகள். கட்டடக் கலைஞரின் பிறப்பைவிட, அவர் வரைந்ததை மறுக்கும் உரிமை அங்கு வாழப்போகிறவர்களுக்கு இருந்ததா என்பதையே நான் முதலில் கேட்பேன்.

அடுத்த முறை வகுப்பில் இப்படியொரு கட்டடத்தைக் காட்டினால், முகப்புப் படத்தை ஒதுக்கிவிட்டுத் தரைத்தள வரைபடத்தைக் கேளுங்கள். அதில் அடுக்களை எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்.