ஐட்ராக்கிற்கு ஐபி கொடுத்தும் பிங் ஆகவில்லை. போர்டு போய்விட்டதா?

கேள்வி: டெல் ஆர்740 சர்வர். தூரத்திலிருந்தே சர்வரைக் கவனிக்க உதவும் ஐட்ராக்கிற்குத் தனியாக ஒரு கேபிள் எதற்கு என்று, அதை லாம்1-க்கு (லினக்ஸும் பயன்படுத்தும் சர்வரின் சாதாரண நெட்வொர்க் போர்ட்) மாற்றி, ஸ்டாட்டிக் ஐபி கொடுத்தேன். அந்த சர்வரில் ஓடும் லினக்ஸிலிருந்து பிங் பண்ணினால் பதிலே இல்லை. ஐட்ராக் கெட்டுப்போய்விட்டதா?

பதில்:

கெட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. லாம்1-இல் வைத்துவிட்டு அதே சர்வரிலிருந்து பிங் பண்ணினால் பதில் வராது. ஐட்ராக் என்பது மதர்போர்டிலேயே சொந்த பிராசசர், சொந்த மெமரியோடு உட்கார்ந்திருக்கும் தனிக் கம்ப்யூட்டர். பவர் கேபிள் செருகியிருந்தால் போதும், சர்வர் ஆஃப் ஆகியிருந்தாலும் அது ஓடும். லாம் போர்ட்டைப் பங்குபோட்டுக் கொள்ளும்போது, வெளியிலிருந்து வரும் பாக்கெட்டை நெட்வொர்க் கார்டின் சிப் மேக் முகவரி (ஒவ்வொரு நெட்வொர்க் இணைப்புக்கும் உள்ள தனி அடையாள எண்) பார்த்துப் பிரிக்கும். லினக்ஸுக்குரியது அங்கே, ஐட்ராக்கிற்குரியது இங்கே. லினக்ஸிலிருந்து கிளம்பும் பாக்கெட்டோ நேராக சுவிட்சுக்குப் போய்விடும். வந்த போர்ட்டிலேயே அதைத் திருப்பி அனுப்பும் வழக்கம் சுவிட்சுக்குக் கிடையாது. அதனால் வேறொரு மெஷினிலிருந்து பிங் பண்ணிப் பாருங்கள். பாதிப் பேருக்குப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

அங்கிருந்தும் வரவில்லையென்றால் அடுத்து கேபிளைப் பாருங்கள். ஆர்740-இல் லாம் எனப்படுவது பின்பக்கம் உள்ள டாட்டர் கார்டின் போர்ட்டுகள். பிசிஐ ஸ்லாட்டில் நீங்கள் கூடுதலாகப் போட்ட கார்டில் கேபிளைச் செருகியிருந்தால் ஐட்ராக்கிற்கு எதுவும் போய்ச் சேராது.

ஆனாலும் என் ஆலோசனை, அந்த ஒரு கேபிளில் கஞ்சத்தனம் வேண்டாம் என்பதுதான். பின்பக்கம் ஐட்ராக் என்று குறியிட்ட தனி போர்ட் இருக்கிறது. பங்கு போர்ட்டில் சர்வர் ரீபூட் ஆகும்போது லிங்க் விழுந்து எழும். சுவிட்சில் போர்ட்ஃபாஸ்ட் (போர்ட்டைக் காத்திருக்க வைக்காமல் உடனே திறக்கும் வசதி) போடாமல் பழைய ஸ்பேனிங் ட்ரீ (நெட்வொர்க்கில் பாக்கெட் சுற்றிச் சுற்றி வராமல் தடுக்கும் முறை) ஓடினால், அதற்கப்புறம் 30 விநாடி எந்தப் பாக்கெட்டும் நகராது. பயாஸ் திரையைப் பார்க்க வேண்டிய நேரம் சரியாக அந்த 30 விநாடிதான்.

மாற்றுவது எளிது. பூட் ஆகும்போது எஃப்2 அழுத்தி, ஐட்ராக் செட்டிங்ஸ், அதில் நெட்வொர்க். நிக் செலக்‌ஷனை டெடிகேட்டட் ஆக்குங்கள். தானாக ஐபி வாங்கும் டிஹெச்சிபியை டிஸேபிள் செய்துவிட்டு ஐபி, கேட்வே, மாஸ்க் மூன்றையும் நிரப்புங்கள். அதே பக்கத்தில் கீழே வீலேன் ஐடி (ஒரே சுவிட்சைப் பல தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் எண்) இருக்கும். சுவிட்ச் போர்ட் ஆக்சஸ் மோடில், அதாவது ஒரே வீலேனுக்கு மட்டும் என்று, இருந்தால் இதைத் தொடவே கூடாது. "நம்ம மேனேஜ்மென்ட் வீலேன் 20தானே" என்று இங்கேயும் 20 போட்டால் ஐட்ராக் ஒவ்வொரு பாக்கெட்டிலும் அந்த எண்ணை டேக்காக ஒட்டி அனுப்பும், ஆக்சஸ் போர்ட் பெரும்பாலும் அதைத் தூக்கி எறிந்துவிடும். பல வீலேன்களைச் சுமக்கும் டிரங்க் போர்ட்டாக இருந்தால் மட்டும் ஐடி கொடுங்கள்.

சர்வரை ரீபூட் பண்ண முடியாத நிலைமையா? லினக்ஸில், ஐட்ராக்கைக் கட்டளையால் இயக்கும் டெல்லின் ரேக்அட்ம் கருவி இருந்தால், செட்நிக்சிஎஃப்ஜி என்ற ஒரே கட்டளையில் ஐபி, மாஸ்க், கேட்வே மூன்றையும் கொடுத்துவிடலாம். லோக்கலாக ஓட்டும்போது அது நெட்வொர்க் வழியே போகாமல் மதர்போர்டுக்குள்ளேயே ஐட்ராக்கிடம் பேசும். ஐபி தப்பாக இருந்தாலும் திருத்த முடியும்.

சர்வர் ரூமில் அதே சப்நெட்டில் உள்ள லேப்டாப்பில் பிங் வருகிறது, உங்கள் மேசையிலிருந்து வரவில்லை என்றால் முதலில் கேட்வேயையும் (வெளி நெட்வொர்க்குக்கு வழிவிடும் ரவுட்டரின் ஐபி) மாஸ்க்கையும் (எந்த ஐபிகள் ஒரே நெட்வொர்க் என்று சொல்லும் எண்) பாருங்கள். 255.255.255.0 போட வேண்டிய இடத்தில் 255.255.0.0 போட்டிருந்தால், ஐட்ராக் உங்கள் மேசையையும் பக்கத்து வீடாகவே நினைத்துக்கொண்டு ரவுட்டரிடம் பதிலைக் கொடுக்காது.

எதுவுமே பிடிபடவில்லையென்றால் முன்பக்கம் உள்ள மைக்ரோ யுஎஸ்பி போர்ட்டில் லேப்டாப்பைச் செருகுங்கள். வைஃபையையும் மற்ற நெட்வொர்க்கையும் ஆஃப் பண்ணிவிட்டு, பிரவுசரில் எச்டிடிபிஎஸ் வழியே 169.254.0.3 அடித்தால் ஐட்ராக் பக்கம் திறக்கும். கேபிள் குட்டையாக இருக்கட்டும், 3 அடி போதும். யூசர் ரூட். பாஸ்வேர்டு, முன்பக்கம் இழுத்தால் நீண்டு வரும் பிளாஸ்டிக் பட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும். டெல்லின் பழைய பொதுப் பாஸ்வேர்டே வேண்டும் என்று கேட்டு வாங்கிய சர்வராக இருந்தால் அது 'கால்வின்'. உலகத்துக்கே தெரிந்த பாஸ்வேர்டு, உள்ளே போனதும் மாற்றிவிடுங்கள்.

பக்கம் மட்டும் உறைந்து நின்றால், சர்வரின் 'ஐ' பட்டனை 15 விநாடிக்கு மேல் அழுத்திப் பிடியுங்கள். ஐட்ராக் மட்டும் ரீஸ்டார்ட் ஆகும், லினக்ஸுக்கு ஒன்றும் ஆகாது, செட்டிங்கும் அழியாது. மறுபடி எழும்ப சில நிமிடம் பிடிக்கும்; அதற்குள் திரும்பத் திரும்ப அழுத்த வேண்டாம். ரேக்அட்மில் ரேக்ரீசெட் கட்டளையும் இதே வேலையைத்தான் செய்யும். ஆனால் கடைசியில் சிஎஃப்ஜி ஒட்டிய ரேக்ரீசெட்சிஎஃப்ஜி கொடுத்தால் எல்லா செட்டிங்கும் போச்சு.

ஐபி அடித்தால் திறக்கிறது, பெயர் அடித்தால் '400 பேட் ரிக்வெஸ்ட்' என்கிறதா? 5.10 ஃபர்ம்வேரிலிருந்து ஐட்ராக், பிரவுசர் அனுப்பும் ஹோஸ்ட் பெயரைச் சரிபார்க்கிறது. நெட்வொர்க் பக்கத்தில் டிஎன்எஸ் ஐட்ராக் பெயரையும் டொமைனையும் நீங்கள் அடிக்கும் பெயரோடு பொருந்தும்படி வையுங்கள். அந்தச் சோதனையையே அணைத்துவிடவும் வழி உண்டு, தேவையில்லை.

ஐபிஎம்ஐ ஓவர் லேன் (நெட்வொர்க் வழியே சர்வரை நிர்வகிக்கும் பொதுவான நெறிமுறை) ஐட்ராக்கில் ஆஃப் ஆகவே இருக்கட்டும். ஐபிஎம்ஐ 2.0-இன் லாகின் முறைப்படி, பாஸ்வேர்டு சரியா என்று பார்ப்பதற்கு முன்பே அதன் ஹேஷை (பாஸ்வேர்டிலிருந்து கணக்கிட்ட குறியீடு; அதை வைத்துப் பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்கலாம்) கேட்டவரிடம் கொடுத்துவிடும். ஒரு யூசர் பெயர் தெரிந்தால் போதும். 2013-லேயே வெளியான ஓட்டை இது. நெறிமுறையிலேயே இருப்பதால் ஃபர்ம்வேர் அப்டேட்டில் அடைபடாது. கண்காணிப்பு மென்பொருளுக்குக் கட்டாயம் வேண்டுமென்றால் ஐபிஎம்ஐ பயன்படுத்தும் யுடிபி 623 போர்ட்டை அந்த ஒரு மெஷினுக்கு மட்டும் ஃபயர்வாலில் திறந்துவிடுங்கள். பப்ளிக் ஐபி எந்தக் காரணத்துக்காகவும் ஐட்ராக்கிற்குக் கொடுக்காதீர்கள். வெளியிலிருந்து வர வேண்டுமென்றால் விபிஎன் வழியாக வாருங்கள்.