படுக்கைகளை எண்ணுங்கள்: வீட்டுக்கு எத்தனை புகை அலாரம்?

கேள்வி: ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் இருக்கிறோம். கான்கிரீட் வீடு. கீழே ஹால், சமையலறை, இரண்டு படுக்கையறைகள். மாடியில் ஓர் அறை. அதில் பிளஸ் டூ படிக்கும் மகன் படுக்கிறான். கீழே ஓர் அறையில் மாமியார். அவருக்குக் காது மந்தம். பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட கொட்டகையில் வலைகளும் இன்ஜினுக்கான மண்ணெண்ணெய் கேன்களும் இருக்கின்றன. வளைகுடாவில் வேலை பார்க்கும் என் தம்பி இரண்டு புகை அலாரம் கொடுத்தனுப்பினான். ஒன்றைச் சமையலறையில் மாட்டினோம். தாளிக்கும்போதெல்லாம் அலறியதால் பேட்டரியைக் கழற்றிவிட்டோம். இன்னொன்று பெட்டியிலேயே கிடக்கிறது. எங்கள் வீட்டுக்கு இரண்டு போதுமா? எங்கே மாட்ட வேண்டும்?

பதில்: பேட்டரியைக் கழற்றியதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். எண்ணெயில் மிளகாய் வற்றல் விழுந்து எழும் புகைக்கும் மெத்தை கருகி எழும் புகைக்கும் அந்தப் பெட்டிக்கு வேறுபாடு தெரியாது. மாட்டிய இடம்தான் பிழை. நான் போய்ப் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் இதே கதைதான். நெருப்பு எரியும் இடம் சமையலறை, ஆகவே அலாரமும் அங்கே என்று நினைத்துவிடுகிறோம்.

அடுப்பில் நெருப்புக் கிளம்பும்போது பெரும்பாலும் நீங்களே அதன் முன்னால் நிற்கிறீர்கள். அப்போது அலாரம் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. இரவு இரண்டு மணிக்கு, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் இன்வெர்ட்டர் ஒயர் உருகத் தொடங்குகிறது என்று வையுங்கள். அப்போது யாருக்குத் தெரியும்? புகை நாற்றம் எழுப்பிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். உறக்கத்தில் மூக்கு அந்த வேலையைச் செய்வதில்லை. புகையில் கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கோ மணமே கிடையாது; அது உறங்குபவரை மேலும் ஆழ்ந்த மயக்கத்தில் தள்ளும். காது மட்டும்தான் ஓரளவு விழித்திருக்கிறது. அந்தக் காதுக்காகத்தான் இந்தக் கருவி.

அதனால் எத்தனை அலாரம் என்பதைச் சதுர அடியில் கணக்கிட வேண்டாம். யார் எங்கே படுக்கிறார்கள் என்று எண்ணுங்கள். அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தின் என்.எஃப்.பி.ஏ. 72 விதி சொல்வதும் இதுதான்: ஒவ்வொரு படுக்கையறைக்குள்ளும் ஒன்று, படுக்கையறைகளுக்கு வெளியே ஒன்று, எந்தத் தளமும் அலாரம் இல்லாமல் விடப்படக் கூடாது. உங்கள் வீட்டுக்கு இதைப் பொருத்தினால் மூன்று படுக்கையறைகளுக்கு மூன்று, கீழே இரண்டு அறைக் கதவுகளுக்கும் பொதுவாக ஹாலில் ஒன்று, மாடிப்படி முடியும் இடத்தில் ஒன்று. மொத்தம் ஐந்து.

இன்று கையில் இருப்பது இரண்டு. ஐந்து வாங்கும்வரை அவற்றைப் பெட்டியில் வைத்திருக்காதீர்கள். முதலாவதை ஹாலில், படுக்கையறைக் கதவுகளுக்கு அருகே மாட்டுங்கள். அடுப்பிலிருந்து குறைந்தது 10 அடி தள்ளி இருக்கட்டும். இரண்டாவது மாடிப்படியின் உச்சிக்கு. கீழே எழும் புகைக்குப் படிக்கட்டுதான் புகைபோக்கி. உங்கள் மகனின் அறைக்குள் போவதற்கு முன் அது அந்த இடத்தைக் கடந்தாக வேண்டும். மூன்றாவதாக வாங்குவது மாமியாரின் அறைக்கு. பிறகு உங்கள் அறை, மகனின் அறை.

சீலிங்கில் எந்த இடம் என்பதில்தான் நம் வீடுகளுக்கென்று ஒரு சிக்கல் வருகிறது. வெளிநாட்டுக் கையேடு 'அறையின் நடுவில் மாட்டுக' என்கிறது. நம் அறையின் நடுவில் மின்விசிறி சுற்றுகிறது. அதன் காற்று புகையை அலாரத்தை அண்டவிடாமல் தள்ளிவிடும். இறக்கை நுனியிலிருந்து 3 அடி தள்ளியே மாட்ட வேண்டும். 48 அங்குல மின்விசிறிக்கு மையத்திலிருந்து இறக்கை நுனி வரை 2 அடி. ஆக மையத்திலிருந்து 5 அடி. பத்துக்குப் பத்து அறையில் மையத்திலிருந்து சுவர் வரைக்குமே 5 அடிதான். மூலையை நோக்கிய திசையில் மட்டும் ஏழடி கிடைக்கும். எனவே கதவுக்குப் பக்கத்து மூலையைத் தேர்ந்தெடுத்து, அதிலிருந்து ஒன்றரை அடி உள்ளே வாருங்கள். சிறிய அறைக்கு அதுதான் இடம். மூலையின் முடுக்கிலேயே மாட்டிவிடாதீர்கள், அங்கே காற்று அசையாது. புகை வந்து சேரத் தாமதமாகும். சுவரில்தான் மாட்ட முடியும் என்றால் சீலிங்கிலிருந்து ஓர் அடிக்குள் இருக்கட்டும். அலாரத்துடன் வந்த கையேடு வேறு அளவு சொன்னால் அதையே கேளுங்கள். ஏசி காற்று வீசும் வாயிலிருந்தும் குளியலறைக் கதவிலிருந்தும் 3 அடி தள்ளி வையுங்கள்.

தீவில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கச்சான் வீசும் மாதங்களில் உங்கள் வீட்டு ஜன்னல் வழியே வரும் காற்று மின்விசிறிக்குச் சளைத்ததல்ல. ஜன்னலுக்கும் கடலைப் பார்த்த வாசலுக்கும் நேர் எதிரே மாட்டினால் புகை அதை எட்டாமலே போய்விடும்.

சமையலறைக்கு ஏதாவது வேண்டும் என்று தோன்றினால் வெப்ப அலாரம் வாங்குங்கள். அது புகையைக் கண்டு கத்தாது; சுமார் 57, 58 டிகிரி செல்சியஸ் சூடு வந்தால்தான் கத்தும். மீன் பொரித்தாலும் பேசாமல் இருக்கும். ஆனால் இரண்டில் எதற்குமே கேஸ் கசிவு தெரியாது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். அதற்கான அலாரம் தனி. தரையிலிருந்து சுமார் ஓர் அடி உயரத்தில் மாட்டுவது. கேஸ் வாடை வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள்.

உங்கள் கொட்டகைதான் எனக்குக் கவலை தருகிறது. அங்கே புகை அலாரம் மாட்டச் சொல்ல மாட்டேன். வீட்டு அலாரங்கள் பொதுவாக 38 டிகிரி வரையான இடத்துக்கென்று செய்யப்பட்டவை. சித்திரை வெயிலில் ஷீட்டுக்கு அடியில் அதைவிட எவ்வளவோ ஏறிவிடும். அங்கே தேங்கும் சூடான காற்று, மெல்லக் கனன்று வரும் புகையை மேலே எழவும் விடாது. நைலான் வலை உருகி எரியத் தொடங்கினால் மண்ணெண்ணெய் கேன்களை எட்ட அதிக நேரம் ஆகாது. ஆகவே இந்த வாரமே கேன்களை வீட்டுச் சுவரை ஒட்டாத, நிழலுள்ள வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். கொட்டகைக்குள் செல்போன், பேட்டரி எதையும் சார்ஜ் போட வேண்டாம். பின்வாசலை ஒட்டி வீட்டுக்குள் ஆறாவதாக ஓர் அலாரம் மாட்டினால் மகிழ்வேன்.

மாமியாரைப் பற்றி. சாதாரண அலாரத்தின் ஒலி 10 அடி தூரத்தில் 85 டெசிபல். சத்தம் பெரிதுதான், ஆனால் அது சுமார் 3,100 ஹெர்ட்ஸில் எழும் கீச்சொலி. வயதானவர்களின் காது முதலில் இழப்பது இத்தகைய கீச்சொலியைத்தான். கேட்கும் திறன் குறைந்தவர்களுக்கென 520 ஹெர்ட்ஸில் தாழ்ந்த குரலில் ஒலிக்கும் அலாரமும், தலையணைக்கடியில் அதிரும் தகடும் இருக்கின்றன. அடுத்த முறை ஊருக்கு வரும்போது தம்பியை அதைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். கிடைக்கும்வரை, ஒன்று கத்தினால் எல்லாமே கத்தும்படி கம்பியில்லாமல் இணைந்த அலாரங்களை வாங்குங்கள். அத்தையின் அறையில் புகை எழுந்தால் உங்கள் தலைமாட்டில் ஒலிக்கும், நீங்கள் ஓடிப்போய் எழுப்பலாம். யார் அவரை எழுப்புவது என்பதை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது மூன்றைக் கவனியுங்கள். போட்டோ எலக்ட்ரிக் வகையாக இருக்கட்டும். மெத்தை, ஒயர் போன்றவை கனன்று புகைவதை அது சீக்கிரம் கண்டுகொள்ளும், தாளிப்புக்கும் அவ்வளவாகப் பதறாது. ஈ.என். 14604 அல்லது யூ.எல். 217 என்ற தர எண் பொறித்திருக்க வேண்டும். மூன்றாவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்: கடைகளில் 'ஸ்மோக் டிடெக்டர்' என்று குறைந்த விலையில் விற்பவற்றில் பல, அலுவலகக் கட்டடங்களின் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு இணைக்க வேண்டியவை. தனியாக மாட்டினால் அவை வாயே திறக்காது. உள்ளேயே பேட்டரியும் ஒலிப்பானும் இருக்கிறதா என்று கேட்டு, அழுத்திப் பார்த்து வாங்குங்கள்.

ஒரு வீட்டில் இரண்டு ஆண்டுகளாக அலாரம் மாட்டியிருப்பதாகப் பெருமையோடு காட்டினார்கள். ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். பெயின்ட் அடிக்கும்போது தூசு போகாமல் இருக்கப் போட்ட பிளாஸ்டிக் மூடி அப்படியே இருந்தது. கழற்றினால் உள்ளே ஒரு தூசுகூட இல்லை; புகையும் நுழைந்திருக்க வழியில்லை. வெள்ளையடித்து முடித்த அன்றே மூடியை எடுத்துவிடுங்கள்.

உப்புக்காற்று பேட்டரி முனைகளில் பச்சை பூக்கச் செய்யும். மாதம் ஒரு நாள் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள், மெல்லிய பிரஷ்ஷால் ஓரங்களைத் துடையுங்கள். சிறு பூச்சிகள் உள்ளே போனாலும் அலாரம் காரணமில்லாமல் கத்தும். ஊதுவத்தி காட்டிச் சோதிக்க வேண்டாம். அதன் பிசுக்கு உள்ளே படியும். சாம்பிராணி போடும்போதும் கொசுவத்திச் சுருள் வைக்கும்போதும் அலாரத்துக்கு நேர் கீழே வைக்காதீர்கள். இரவில் நிமிடத்துக்கொரு முறை 'கீச்' என்றால் பேட்டரி தீர்கிறது என்று பொருள். முதுகில் தயாரித்த தேதி இருக்கும். அதிலிருந்து 10 ஆண்டுகள் ஆனால் மாற்றிவிடுங்கள், கத்துகிறதே என்று வைத்திருக்க வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்று. வாசலில் கிரில் கேட் இருக்குமே, இரவில் உள்பக்கம் பூட்டுப் போடுகிறீர்களா? 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், நம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநலம் குன்றியவர்களை வைத்திருந்த கூரைக் கொட்டகை எரிந்தபோது 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்த அவர்களுக்கு, நெருப்பைப் பார்த்த பின்னும் எழுந்து ஓட வழியில்லை. அலாரம் உங்களுக்குச் சில நிமிடங்களை மட்டுமே தரும். அந்த நிமிடங்கள் இருட்டில், புகைக்குள் சாவியைத் தேடுவதில் கழியக் கூடாது. கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில், வெளியிலிருந்து கைக்கு எட்டாத இடத்தில் ஆணி அடித்து அந்தச் சாவியை மட்டும் மாட்டுங்கள். மாமியார் உட்பட எல்லோருக்கும் ஆணி இருக்கும் இடம் தெரியட்டும்.

இரண்டையும் மாட்டிய அன்று இரவு, எல்லோரும் அவரவர் படுக்கையில் படுத்து, கதவுகளைச் சாத்தி, மின்விசிறிகளைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டும் ஹால் அலாரத்தின் பொத்தானை அழுத்தட்டும். எந்தப் படுக்கைக்குக் கேட்கவில்லையோ, அடுத்த அலாரம் அந்த அறைக்கு.