ஊசி குத்தினால் மறைக்காதே என்று சொல்லி அனுப்புங்கள்

அம்மா, வணக்கம். மகள் எஸ்.பி.எம். தேர்வோடு பள்ளியை முடித்துவிட்டாள், தாதியர் டிப்ளோமாதான் படிப்பேன் என்று நிற்கிறாள். "மிஸ்ஸி (தாதி) வேலைக்குப் போனால் ஊசி குத்தி எய்ட்ஸ் வந்துவிடும்" என்று தோட்டத்தில் யாரோ சொன்னதிலிருந்து உங்களுக்கு விண்ணப்பப் பாரத்தில் கையெழுத்துப் போட மனம் வரவில்லை. சுங்கை சிப்புட் பக்கத்தில் இந்தப் பயத்தைப் பல வீடுகளில் கேட்கிறேன். ஊசி குத்துவது நடக்கிற காரியம்தான். வார்டுக்குப் போன புதிதில் உங்கள் மகளுக்கும் நடக்கலாம். ஆனால் குத்தினாலே நோய் வந்துவிடும் என்பது உண்மை இல்லை.

எய்ட்ஸை உண்டாக்கும் கிருமியான எச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தி, அதற்குப் பிறகு எந்த மருந்தும் எடுக்காமல் விட்டாலும், ஆயிரம் பேரில் சுமார் 3 பேருக்குத்தான் தொற்றும். கண்ணிலோ வாயிலோ ரத்தம் தெறித்தால் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. நோயாளி ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு ரத்தத்தில் கிருமி மிகவும் குறைந்திருந்தால் ஆபத்து இன்னும் கீழே இறங்கும். அமெரிக்காவில் 1985 முதல் 2013 வரை வேலையிடத்தில் எச்.ஐ.வி. தொற்றியதாக உறுதி செய்யப்பட்ட சுகாதாரப் பணியாளர்கள் 58 பேர். அதில் 1999க்குப் பிறகு வந்தது ஒரே ஒருவர், அவரும் ஆய்வுக்கூடத்தில் அந்தக் கிருமியையே வளர்த்து வேலை செய்தவர். தடுப்பு மருந்தும் பாதுகாப்பான ஊசிகளும் வந்த பிறகு நிலைமை அவ்வளவு மாறிவிட்டது.

ஹெபடைட்டிஸ் பி என்ற கல்லீரல் தொற்றைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். தடுப்பூசி போடாதவருக்கு அது உள்ள ரத்தத்தின் ஊசி குத்தினால், நூற்றில் 30 பேர் வரைக்கும் தொற்றலாம். நல்லவேளை, மலேசியாவில் 1989லிருந்து பிறக்கும் குழந்தைகளுக்கே இந்தத் தடுப்பூசி போடுகிறார்கள். உங்கள் மகளுக்கும் போட்டிருப்பார்கள், தடுப்பூசிப் புத்தகத்தைத் தேடிப் பாருங்கள். ஆனால் சின்ன வயதில் போட்டது இப்போதும் ரத்தத்தில் எவ்வளவு தெரிகிறது என்று வார்டுக்குப் போகுமுன் பரிசோதித்து, தேவைப்பட்டால் இன்னொரு ஊசி போடவேண்டும். இன்னொரு வகையான ஹெபடைட்டிஸ் சி-க்குத் தடுப்பூசி கிடையாது. ஆனால் குணப்படுத்தும் மாத்திரை உண்டு. அந்த மாத்திரை குறைந்த விலையில் கிடைக்கவேண்டும் என்று நம் அரசாங்கம் 2017ல் காப்புரிமை இருந்தும் அதன் மலிவு வகையைப் பயன்படுத்த உரிமம் கொடுத்தது.

சரி, குத்திவிட்டால் என்ன செய்வது? இதை மகளோடு உட்கார்ந்து படியுங்கள். உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவவேண்டும். காயத்தைப் பிதுக்கக் கூடாது, குளோராக்ஸ் மாதிரி ப்ளீச் எதையும் ஊற்றக் கூடாது. கண்ணில் பட்டால் வெறும் தண்ணீரில் நன்றாகக் கழுவவேண்டும். அப்புறம் அந்த ஷிப்டின் பொறுப்புத் தாதியான சிஸ்டரிடம் அப்போதே சொல்லவேண்டும். வேலை முடியட்டும், நாளைக்குச் சொல்லலாம் என்று இருக்கக் கூடாது. தேவை என்று மருத்துவர் முடிவு செய்தால் எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரைகளைச் சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பெரும்பாலும் பயனில்லை. தொடங்கினால் 28 நாள் விடாமல் சாப்பிடவேண்டும். கொஞ்சம் குமட்டும், களைப்பாக இருக்கும், அதற்காகப் பாதியில் நிறுத்தக் கூடாது. அன்றைக்கே ஒரு ரத்தப் பரிசோதனை, பிறகு சில வாரங்கள் கழித்தும் மாதங்கள் கழித்தும் மறுபடி பரிசோதனை.

இவ்வளவு வழி இருந்தும் பல மாணவர்கள் சொல்வதில்லை. சிஸ்டர் திட்டுவாரோ, மார்க் குறையுமோ, பயன்படுத்திய ஊசிக்குத் திரும்ப மூடி போட்டதைக் கேட்பார்களோ என்று பயம். (அப்படி மூடி போடும்போதுதான் விரலில் குத்துகிறது. ஊசியை அப்படியே மஞ்சள் பெட்டியில் போட்டுவிடவேண்டும்.) எல்லாவற்றையும்விட, வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பையே நிறுத்திவிடுவார்கள் என்ற பயம். அம்மா, இந்தக் கடைசிப் பயத்தை உங்களால் மட்டும்தான் போக்க முடியும். "குத்தினால் மறைக்காதே, நான் திட்டமாட்டேன், உன்னைப் படிப்பிலிருந்து எடுக்கமாட்டேன்" என்று இப்போதே வாய்விட்டுச் சொல்லுங்கள். அவளுக்கு உங்களால் கொடுக்க முடிந்த பெரிய பாதுகாப்பு அதுதான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். யாருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்று முகத்தைப் பார்த்துத் தெரியாது. அதனால்தான் எல்லா நோயாளியின் ரத்தத்தையும் ஒரே கவனத்தோடு கையாளக் கற்றுக்கொடுக்கிறார்கள். சிலர் எச்.ஐ.வி. என்று தெரிந்த நோயாளியிடம் மட்டும் இரண்டு கையுறை போட்டு, தொடத் தயங்கி, மற்றவரிடம் வெறுங்கையோடு ரத்தம் எடுப்பார்கள். அது அந்த நோயாளியைக் காயப்படுத்துகிறது, தாதியையும் காப்பாற்றுவதில்லை. நம் ஊரைப் போன்ற சின்ன ஊரில் ஒருவரின் நோய் வெளியே கசிந்தால் குடும்பமே தலைகுனிய வைத்துவிடுவார்கள். உங்கள் மகள் அப்படிப்பட்ட தாதியாக வரக்கூடாது என்று நான் மனதார விரும்புகிறேன்.

கல்லூரியில் சேர்க்குமுன் நேரில் போய்க் கேளுங்கள். படிப்புக்கு மலேசியத் தாதியர் வாரியத்தின் அங்கீகாரம் இருக்கிறதா? வார்டுக்கு அனுப்புமுன் ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை செய்கிறார்களா? இரவு ஷிப்டில் ஊசி குத்தினால் மாணவி யாரிடம் போகவேண்டும், மாத்திரைச் செலவு யாருடையது, மாணவிக்குக் காப்புறுதி உண்டா? கட்டணத்தைப் பற்றி மட்டும் விளக்கமாகப் பேசிவிட்டு இதற்கெல்லாம் மழுப்பினால் அங்கே பணம் கட்டாதீர்கள். ஈப்போவில் வேறு கல்லூரிகளும் இருக்கின்றன. அரசாங்கப் பயிற்சிக் கழகத்துக்கும் கட்டாயம் விண்ணப்பம் போடச் சொல்லுங்கள். பாரத்தை நிரப்புவதில் சிக்கல் இருந்தால் மகளை எஸ்.பி.எம். முடிவுத்தாளோடு என்னிடம் அனுப்புங்கள், சேர்ந்து நிரப்பலாம்.