டைரக்டர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பெங்களூரில் மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை. சீனியர் மேனேஜராக இருந்த என்னை ஏப்ரலில் டைரக்டர் ஆக்கினார்கள். சூப்பர்வைசர், மேனேஜர், டைரக்டர் மூன்றும் ஒரே ஏணியின் படிகள்தானே? பாஸ் வேறு, லீடர் வேறு என்கிறார்களே, அது என்ன? கார்டின் பின்பக்கம் தமிழில் ‘இயக்குனர்’ என்று போடலாமா? ஊரில் அம்மா, ‘என் மகன் கம்பெனிக்கே டைரக்டர்’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ச., பெல்லந்தூர்

அன்புள்ள ச.,

வாழ்த்துகள். அம்மாவைத் திருத்தப் போகாதீர்கள், உங்களைத் திருத்திக்கொண்டால் போதும்.

பாஸ், லீடர் விவகாரம் வாட்ஸ்அப்பில் காலை வணக்கத்தோடு வருவது, விடுங்கள். சூப்பர்வைசர் வேலை நடக்கும் இடத்திலேயே நின்று பார்ப்பவர். மேனேஜர் ஆளையும் பணத்தையும் பங்கிட்டு, மேலே கணக்குச் சொல்பவர். இவை படிகள்தாம். டைரக்டர் படி அல்ல, நாற்காலி.

2013 கம்பெனிச் சட்டத்தில் டைரக்டர் என்றால் போர்டில், அதாவது கம்பெனியின் இயக்குநர் குழுவில், நியமிக்கப்பட்டவர், அவ்வளவுதான். உங்கள் சம்பளமோ, கீழே எத்தனை பேர் என்பதோ கணக்கில் வராது. பிரைவேட் லிமிடெட்டுக்குக் குறைந்தது 2 பேர், பப்ளிக் லிமிடெட்டுக்கு 3 பேர். ஆளுக்கொரு 8 இலக்க டின் (DIN, டைரக்டர் அடையாள எண்) வேண்டும். டிஐஆர்-2 படிவத்தில் சம்மதம் எழுதித் தர வேண்டும். நியமனத்தைத் தெரிவிக்கும் டிஐஆர்-12 படிவத்தைக் கம்பெனி 30 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். இதில் எதிலாவது கையெழுத்துப் போட்டீர்களா? ஹெச்ஆர் மெயில் மட்டும்தான் வந்ததென்றால், நீங்கள் டைரக்டர் என்று அழைக்கப்படும் ஊழியர். அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. தில்லி அமைச்சகங்களில் டைரக்டர், ஜாயின்ட் செக்ரட்டரிக்குக் கீழேதான்.

அசல் டைரக்டருக்கும் தனியாக அதிகாரம் கிடையாது. போர்டு கூடித் தீர்மானிக்க வேண்டும், அல்லது அவரிடம் ஒப்படைத்திருக்க வேண்டும். நிர்வாகத்தின் பெரும்பகுதி ஒப்படைக்கப்பட்டவர்தான் மேனேஜிங் டைரக்டர். நீங்கள் உதறிவிட்டு வந்த ‘மேனேஜர்’ அதே சட்டத்தில் ஏறக்குறைய கம்பெனி முழுவதையும் நிர்வகிப்பவர்! ஒரே நேரத்தில் மேனேஜிங் டைரக்டர், மேனேஜர் இருவரையும் கம்பெனி நியமிக்கக் கூடாது. உங்கள் மாடியில் மட்டும் எத்தனை மேனேஜர்கள்?

இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் வருமான வரிப் படிவம். ஐடிஆர்-1 கம்பெனி டைரக்டர்களுக்குக் கிடையாது. ஐடிஆர்-2, ‘அந்த ஆண்டில் கம்பெனி டைரக்டராக இருந்தீர்களா’ என்று கேட்கும். கார்டைப் பார்த்து ‘ஆம்’ என்று தட்டினால் அடுத்த கட்டத்தில் டின் கேட்கும். எங்கே போவீர்கள்? ‘இல்லை’ என்றே போடுங்கள்.

கார்டில் ‘பொறியியல் பிரிவு’ என்பதைச் சேர்த்துப் போடுங்கள், வெறுமனே வேண்டாம். அப்புறம், அது ‘இயக்குனர்’ அல்ல, ‘இயக்குநர்’. ஓட்டுநர், பெறுநர் போல. அச்சுக்குப் போகுமுன் பாருங்கள்.