சாயப்பட்டறை வீட்டுப் பெண் ஆற்றுத் தண்ணீரைச் சோதிக்கப் படிக்கலாமா?

ஐயா, வணக்கம்.

மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு, ஆற்றில் கலக்கும் கழிவைச் சோதிக்கிற வேலைக்குத்தான் படிப்பேன் என்று நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்களோ பல வருடமாகத் திருப்பூர் சாயப்பட்டறையில் வேலை பார்ப்பவர். "நம்ம சோத்துல நாமே மண்ணைப் போட்டுக்கிற படிப்பா இது?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அதற்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்ததால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதன் பிறகு பட்டறைகள் திறந்ததே, கழிவை வெளியே விட மாட்டோம் என்ற நிபந்தனையில்தான். அந்த நிபந்தனை காப்பாற்றப்படுகிறது என்பதற்குச் சாட்சி சோதனை அறிக்கை. இப்போது துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் பலவும் அதைக் கேட்கின்றன. தண்ணீரைச் சோதிக்கத் தெரிந்த ஆள் பட்டறைக்கும் வேண்டும், பல பட்டறைகளின் கழிவைச் சேர்த்துச் சுத்தம் செய்யும் பொது சுத்திகரிப்பு நிலையத்துக்கும் வேண்டும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் வேண்டும். உங்கள் சோற்றில் யாரும் மண் போடவில்லை.

எனக்குக் கவலை வேறு இடத்தில். 'சுற்றுச்சூழல்' என்று பெயரில் இருக்கிறது என்பதற்காகவே ஏதாவது ஒரு பட்டப்படிப்பில் சேர்த்துவிடுகிறார்கள். இளங்கலையில் அது எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுப் போகும். ஆய்வகத்தில் வேலைக்கு எடுப்பவர் கேட்பது வேதியியல். அதனால் பி.எஸ்சி. வேதியியல், அப்புறம் முதுகலையில் சுற்றுச்சூழல் அறிவியல் என்பதுதான் என் யோசனை. பாரதியார் பல்கலைக்கழகத்திலேயே அந்த முதுகலை இருக்கிறது. கணக்கில் பிடிப்புள்ள பெண் என்றால் பி.இ. சிவில் அல்லது கெமிக்கல் படித்துவிட்டு எம்.இ. சுற்றுச்சூழல் பொறியியலுக்குப் போகலாம்.

ஏன் வேதியியல் என்று நொய்யலை வைத்தே சொல்கிறேன். பருத்தித் துணியில் சாயம் ஏற எவ்வளவு உப்பு போடுகிறீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். பழைய சுத்திகரிப்பு முறையில் நிறம் போகும், அழுக்கு குறையும், தண்ணீர் பார்க்கத் தெளிவாகவும் இருக்கும். உப்பு மட்டும் அப்படியே நிற்கும். 1992இல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் அந்தத் தண்ணீர்தான் தேங்கியது. கடைசியில் அணையைத் திறக்காதீர்கள் என்று கீழே இருந்த விவசாயிகளே சொல்லும்படி ஆயிற்று. ஆற்றில் விடும் கழிவுநீரில் கரைந்த உப்புகள், அதாவது டிடிஎஸ், லிட்டருக்கு 2100 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது வாரியத்தின் வரம்பு. அதைத் தாண்டியதால்தான் சவ்வு வழியே உப்பைப் பிரிக்கும் ஆர்ஓ, மிஞ்சிய நீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டர் எல்லாம் வந்தன. சோதனையில் வரும் எண்களைப் பார்த்ததும் எந்த இடத்தில் கோளாறு என்று சொல்லத் தெரிந்தவளுக்குத்தான் இந்தத் துறையில் மதிப்பு.

வேலை எப்படி இருக்கும் என்று மகளுக்கும் தெரியட்டும். பாதி நாள் வெயிலிலும் நாற்றத்திலும் நிற்க வேண்டும். கரைந்த ஆக்சிஜனைப் பார்க்க எடுத்த தண்ணீரில் அங்கேயே மருந்து ஊற்றி நிலைப்படுத்த வேண்டும். சிஓடி, அதாவது அழுக்கை வேதிமுறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு, பார்க்கும் பாட்டிலில் கந்தக அமிலம், உலோகம் பார்க்கும் பாட்டிலில் நைட்ரிக் அமிலம். மாற்றி ஊற்றினால் அன்றைய உழைப்பு வீண். பிஓடி, அதாவது நுண்ணுயிரிகள் அழுக்கைச் சிதைக்க எடுக்கும் ஆக்சிஜன் அளவு, பார்ப்பதற்கான மாதிரி ஐஸ் பெட்டியில் வர வேண்டும். அப்புறம் 27 டிகிரியில் மூன்று நாள் வைத்துத்தான் முடிவு. 1974ஆம் வருடத் தண்ணீர்ச் சட்டப்படி வாரியம் எடுக்கும் மாதிரி என்றால் சீல், கையெழுத்து என்று எல்லாம் முறைப்படி இருக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் வழக்கு நிற்காது. பொறுமை இல்லாத பிள்ளைக்கு இது சரிப்படாது.

வாரியத்தில் உதவிப் பொறியாளர், சுற்றுச்சூழல் விஞ்ஞானி பதவிகள் உண்டு. ஆனால் அறிவிப்பு எப்போது வரும் என்று காத்துக்கொண்டே வயதைக் கழிக்கக் கூடாது. முதல் வேலை பெரும்பாலும் தனியார் ஆய்வகத்தில்தான் கிடைக்கும். ஆய்வகங்களின் தரத்தைப் பார்த்து அங்கீகாரம் தரும் தேசிய அமைப்பான என்ஏபிஎல்லின் அங்கீகாரம் உள்ள இடமாகப் பார்த்துச் சேரட்டும். ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது, ஐடி வேலையோடு ஒப்பிட்டு மனசைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கருவிகளில் கை பழகிய பிறகுதான் பேரம் பேச முடியும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தனியார் ஆய்வகத்துக்குப் பணம் கொடுப்பது பல நேரம் கழிவை விடுகிற ஆலைதான். "ரிசல்ட்டைக் கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்று கேட்பார்கள். கையெழுத்துப் போட்டவரே அதற்குப் பொறுப்பு. பார்க்காத சோதனைக்கு அறிக்கை கொடுக்கிற இடம் என்று தெரிந்தால், சம்பளம் எவ்வளவு என்றாலும் வெளியே வந்துவிடச் சொல்லுங்கள். அப்படி ஒரு நாள் வேலையை விட்டு வந்தால் வீட்டில் திட்டக் கூடாது, இது உங்களுக்கு.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது இரண்டு. உங்கள் பட்டறை இணைந்திருக்கும் பொது சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வகத்தை ஒரு நாள் அவளுக்குக் காட்ட அனுமதி கேளுங்கள். கேட்கக்கூடிய இடத்தில் இருப்பவர் நீங்கள்தான். பார்த்த பிறகும் அவள் இதையே சொன்னால், அரசுக் கலைக் கல்லூரி இணைய விண்ணப்பத்தில் வேதியியலை முதல் விருப்பமாகக் கொடுங்கள். திருப்பூரிலேயே அரசுக் கல்லூரிகள் இருப்பதால் விடுதிச் செலவும் மிச்சம். கடைசித் தேதியைத் தவற விடாதீர்கள்.