கரடிக்குத் துப்பாக்கி: வியாசர்பாடி வாசகருக்குப் பதில்

கேள்வி: வியாசர்பாடியில் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன், வயது 34. மாதத்தில் ஒரு ஞாயிறு நண்பர்கள் ஐந்து பேர் ஆந்திராவின் நாகலாபுரம், தடா பக்கம் மலையேறப் போவோம். போன மாதம் ஓடையோரம் இருபதடி தூரத்தில் ஒரு கரடி எழுந்து நின்றது. விழுந்தடித்து ஓடியதில் ஒருவனுக்குக் கால் பிசகிவிட்டது. இனி துப்பாக்கி இல்லாமல் போவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறோம். 32 ரிவால்வர் வாங்குவதா, 12 போர் நீளத் துப்பாக்கி வாங்குவதா? மைத்துனருக்குத் தெரிந்த ஒருவர் 1,80,000 ரூபாய்க்கு வெளிமாநில லைசென்ஸ் எடுத்துத் தருகிறேன் என்கிறார். 25,000 முன்பணம் கொடுத்துவிட்டேன். அது வரும்வரை ஏர்கன் எடுத்துப் போகலாமா?

பதில் (ஆயுத உரிம வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞர்):

மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். எந்தத் துப்பாக்கி என்பதற்கு அப்புறம் வருகிறேன்; இதுதான் அவசரம்.

துப்பாக்கி உரிமத்தை நீங்கள் குடியிருக்கும் பகுதியின் அதிகாரிதான் தர முடியும். வியாசர்பாடிக்காரருக்கு அவர் சென்னைக் காவல் ஆணையர், அலுவலகம் வேப்பேரியில். மாவட்டங்களில் ஆட்சியர். அப்படியிருக்க வெளிமாநில லைசென்ஸ் எப்படி வருகிறது? அந்த ஊரில் நீங்கள் குடியிருப்பதாக ஒரு பொய் முகவரி எழுதித்தான். ஜம்மு காஷ்மீரில் 2012 முதல் 2016 வரை இப்படித் தகுதியில்லாதவர்களுக்கு 2.78 லட்சம் உரிமங்கள் போனதாகச் சொல்லித்தான் சிபிஐ விசாரணை நடந்தது. ஐஏஎஸ் அதிகாரிகளே கைதானார்கள். தரகர் சொல்லும் 'அங்கே எல்லாம் சுலபம்' என்பதன் அர்த்தம் இதுதான்.

காசிமேட்டில் ஐஸ் வியாபாரம் செய்யும் ஒருவர் சில வருடங்களுக்கு முன் அப்படி வாங்கிய உரிமப் புத்தகத்தைத் தம்புச் செட்டித் தெருவில் உள்ள என் அறைக்குக் கொண்டுவந்தார். பார்வைக்கு எல்லாம் சரியாக இருந்தது. ஜன்னலோரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். படத்தின் மேல் பாதியும் தாளின் மேல் பாதியுமாக விழுந்திருந்த முத்திரையில், படத்தில் இருந்த மை நீலம், தாளில் இருந்த மை ஊதா. யாருடைய படத்தையோ உரித்துவிட்டு இவர் படத்தை ஒட்டியிருக்கிறார்கள். உரிமம் ஒவ்வொன்றுக்கும் தேசியப் பதிவேட்டில் யுஐஎன் என்ற தனி எண் உண்டு. அந்த இடத்தில் பேனாவால் ஏதோ கிறுக்கியிருந்தது. அவர் துப்பாக்கி வாங்கப் போன கடைக்காரர் எண்ணைக் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, பேசாமல் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். அவர் மட்டும் விற்றிருந்தால், உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்த வழக்கு இவர் மேல் வந்திருக்கும். 2019இல் சட்டம் திருத்திய பிறகு அதற்குக் குறைந்தது இரண்டு வருடம், அதிகபட்சம் ஐந்து வருடம் சிறை. தரகர் பெயர் அந்தக் காகிதங்கள் எதிலும் இல்லை. எப்போதும் இருக்காது.

நேர்வழியில் விண்ணப்பித்தால் கிடைக்குமா என்றால், உங்கள் காரணத்துக்குக் கிடைக்காது. பயிர் காக்கும் விவசாயி, ரைஃபிள் கிளப்பில் சுடுபவர் கதை வேறு, அதை விடுங்கள். உயிருக்கு ஆபத்து என்று கேட்பவர் அந்த ஆபத்தைக் காட்ட வேண்டும். 'ஞாயிற்றுக்கிழமை நானாகக் காட்டுக்குப் போகிறேன், அங்கே கரடி இருக்கிறது' என்று எழுதினால், போகாதீர்கள் என்றுதான் பதில் வரும்.

அந்தப் பதிலையாவது ஒழுங்காகத் தருகிறார்களா? காவல் நிலைய அறிக்கைக்கு விதியில் 30 நாள் என்று இருக்கிறது. எட்டு மாதம் அசையாமல் கிடந்த ஃபைலை என் கையால் புரட்டியிருக்கிறேன். கடைசியில் 'குறிப்பிட்ட அச்சுறுத்தல் இல்லை' என்று ஒற்றை வரி. விண்ணப்பித்தவர் வீட்டுக்கு யாரும் வந்து விசாரிக்கவே இல்லை. முடியாது என்பதைக் காரணத்தோடு எழுத்தில் கொடுத்தால் முப்பது நாளில் மேல்முறையீடு செய்யலாம். எழுத்திலும் தராமல் 'அடுத்த வாரம் வாங்க' என்று அலைய விடுகிறார்கள். கவுன்டரில் ஒருவர் வாயைத் திறந்து 'உங்களுக்குக் கிடைக்காது' என்று சொல்லியிருந்தால் தரகர்களில் பாதிப்பேருக்குப் பிழைப்பே இருக்காது.

சரி, கரடி மேலே பாய்ந்தால் தற்காப்புக்குச் சுடக் கூடாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வாட்ஸ்அப்பில் இதைப் பாதி மட்டும் சொல்லிப் பரப்புகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 11ஆம் பிரிவில் விலக்கு உண்டு. தன்னையோ இன்னொருவரையோ காப்பாற்ற நல்லெண்ணத்தோடு ஒரு விலங்கைக் கொன்றாலோ காயப்படுத்தினாலோ குற்றமில்லை. அதன் கீழேயே ஒரு நிபந்தனை இருக்கிறது. அந்த நேரத்தில் நீங்கள் இதே சட்டத்தை மீறிக்கொண்டிருந்தால் விலக்கு கிடையாது.

இதை உங்கள் நிலைமைக்குப் பொருத்திப் பாருங்கள். தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைவதே 31ஆம் பிரிவின்படி மீறல். தேசியப் பூங்காவுக்கும் அதே விதிதான். அதாவது, கையில் துப்பாக்கியோடு சரணாலய எல்லையைத் தாண்டிய நொடியிலேயே தற்காப்பு விலக்கு உங்களை விட்டுப் போய்விடுகிறது. கரடி அதற்கு அப்புறம்தான் வருகிறது. அது நிஜமாகவே உங்கள் மேல் பாய்ந்திருந்தாலும் வழக்கு நிற்கும். கரடியும் சிறுத்தையும் அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதிகப் பாதுகாப்பு உள்ள விலங்குகள். தண்டனை மூன்று முதல் ஏழு வருடம், அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். சரணாலயம் இல்லை, வெறும் காப்புக்காடு என்றால் அனுமதியில்லாமல் நுழைந்ததற்கு வனச் சட்டத்தில் தனி வழக்கு. அப்போது 11ஆம் பிரிவு கைகொடுக்கலாம். ஆனால் கரடி பாய்ந்தது, நாங்கள் தேடிப் போகவில்லை என்பதை யாரைக் கொண்டு நிரூபிப்பீர்கள்? சாட்சிகள் உங்களோடு வந்த நான்கு நண்பர்கள்தான். வேட்டைக்கு வந்த கும்பலும் இதையேதான் சொல்லும் என்பார் வனச்சரகர்.

ஏர்கனுக்கும் இதுதான் பதில். குழல் அளவு 0.177 அங்குலத்துக்குள், 20 ஜூலுக்குள் சக்தி உள்ள ஏர்கனுக்கு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டாம், உண்மை. பாரிமுனையில் அதைச் சொல்லித்தான் விற்பார்கள். வன உயிரினச் சட்டத்தில் 'ஆயுதம்' என்ற சொல்லுக்கு அர்த்தமே வேறு. விலங்கைக் காயப்படுத்தக்கூடிய எந்தக் கருவியும் அதில் அடங்கும், கத்திகூட. பில்லில் 'லைசென்ஸ் தேவையில்லை' என்று அச்சடித்திருப்பது சோதனைச்சாவடியில் செல்லாது. சட்டப் பிரிவை விடுங்கள், அந்தக் குண்டு கரடியின் ரோமத்தைத் தாண்டுவதே கஷ்டம். வலித்தால் கோபம்தான் வரும்.

நீங்கள் போகும் மலை ஆந்திரப் பக்கம் என்பதையும் மறக்காதீர்கள். உரிமத்தில் தமிழ்நாடு என்று மட்டும் இருந்தால் ஊத்துக்கோட்டை தாண்டியதும் அது உரிமம் இல்லாத துப்பாக்கி. அந்த மலைத்தொடர் முழுக்கச் செம்மரக் கடத்தலைத் தடுக்கும் காவல். 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டிலிருந்து போன கூலிகள் 20 பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். விடியற்காலை இருட்டில், முதுகில் பையும் கையில் துப்பாக்கியுமாகத் தமிழ் பேசிக்கொண்டு வரும் ஐந்து பேரைத் தூரத்திலிருந்து பார்க்கும் காவலர் யார் என்று நினைப்பார்? இதை எழுதும்போதே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

இப்போது நீங்கள் கேட்ட கேள்வி, 32ஆ 12 போரா. கரடிக்கு இரண்டுமே வேண்டாம். 32 ரிவால்வர் குண்டு பாய்ந்து வரும் கரடியை நிறுத்தும் என்று நம்ப முடியாது. 12 போருக்குப் பலம் உண்டு. ஆனால் இருபதடியில் எழுந்த கரடி உங்களிடம் வந்து சேர ஒன்றிரண்டு நொடி போதும். அதற்குள் தோளிலிருந்து இறக்கி, பாதுகாப்புப் பூட்டை எடுத்து, குறி பார்க்க வேண்டும். உங்களுக்கும் கரடிக்கும் நடுவில் நண்பர்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். 2021இல் கூடலூர் பக்கம் டி23 என்று எண் வைத்த ஒரு புலியைத் தேடி வனத்துறை மயக்க ஊசித் துப்பாக்கி, கும்கி யானை, ட்ரோன் எல்லாம் வைத்துக்கொண்டு அலைந்தது. பிடிக்க மூன்று வாரம் ஆனது. பழகியவர்களுக்கே அந்தப் பாடு.

கரடிக்குக் கண் மந்தம். புற்றைத் தோண்டிக்கொண்டிருந்தால் நீங்கள் வருவதே அதற்குத் தெரியாது. திடீரென்று பக்கத்தில் பார்த்துவிட்டால் பயத்தில் பாயும், முகத்தைத்தான் கிழிக்கும். ஓடையோரத்திலும் புதர் மண்டிய வளைவிலும் சத்தமாகப் பேசிக்கொண்டே போங்கள், தடியால் பாறையைத் தட்டுங்கள். விடியும் முன்னும் பொழுது சாய்ந்த பின்னும் நடக்காதீர்கள். எதிரே நின்றுவிட்டால் முதுகைக் காட்டி ஓடாமல், ஐந்து பேரும் ஒன்றாகச் சேர்ந்து மெதுவாகப் பின்வாங்குங்கள். போன மாதம் காலைப் பிசகவைத்தது கரடி இல்லை, ஓட்டம்.

அனுமதியோடும் வழிகாட்டியோடும் போங்கள். 2018இல் குரங்கணியில் காட்டுத்தீயில் 23 பேர் செத்த பிறகும் நம் ஆட்கள் அனுமதியில்லாமல் மலையேறுவதை விடவில்லை. 2024இல் தமிழக அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகள் இருக்கின்றன, ஆன்லைனில் பதிவு செய்யலாம், கூட அந்தப் பகுதி ஆட்களே வழிகாட்டியாக வருவார்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே பூண்டியை ஒட்டிக் குடியம் குகைப் பாதை இருக்கிறது. புற்றுமண் ஈரமாகக் கிளறிக் கிடந்தால், கரடி இப்போதுதான் போயிருக்கிறது என்று சொல்ல ஒரு ஆள் கூட இருப்பது எந்த ரிவால்வரையும்விட மேல்.

கடைசியாக அந்த 25,000. ஜிபேயில் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவு, தரகர் அனுப்பிய குரல் செய்திகள் எதையும் அழிக்காதீர்கள். ஆதார் நகலும் படமும் கொடுத்திருந்தால், எந்தத் தேதியில் எதற்காகக் கொடுத்தீர்கள் என்று எழுதி வையுங்கள். பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள், பேரம் பேச வேண்டாம். ஒரு வாரத்தில் வரவில்லை என்றால் உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் மோசடிப் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் பெயரில் நாளைக்கு எங்காவது ஒரு பொய் உரிமம் முளைத்தால் அந்த ரசீது கையில் இருக்க வேண்டும். மைத்துனர் மனம் கோணும் என்று தள்ளிப்போடாதீர்கள். அவரும் அந்தத் தரகரிடம் பணம் கொடுத்திருப்பார், அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.